அத்தை இலைக்கு வந்த காக்காய்

தூத்துக்குடி,
சுபானு வருஷம், புரட்டாசி மாதம்.

கொழும்பில் கடை நடத்தும் மதிப்பிற்குரிய மச்சான் அய்யாக்குட்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லக்கனியின் புருஷன் சிவனாண்டி எழுதிக்கொண்டது. இங்கே அத்தை நீங்கலாக அனைவரும் சுகம். தங்கள் சுகத்துக்கும் வியாபாரத்துக்கும் திருச்செந்தூரான் துணை நிற்கட்டும்.

தங்கள் தாயாரும் என் மாமியாருமான சீனித்தாய் அத்தை தவறிய செய்திக்கு, யுத்தகாலமானதால் கப்பலேற அனுமதி கிடைக்கவில்லை என்று தாங்கள் அடித்த தந்தி கிடைத்தது. நான் நம்பினேன். ஊரில் சிலர் நம்பவில்லை. எங்கள் மூத்த மகள் காதுகுத்துக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தாய்மாமன் மடி இல்லாமல் போனதற்குத் தங்கள் கப்பல் பிந்தியதுதான் காரணம் என்று இப்போதும் சொல்வேன். முகூர்த்தம் போகிறதே என்று பிள்ளையைத் தங்கள் சித்தப்பா சொரிமுத்து மடியில் உட்காரவைத்தேன். நீர் சீர்த்தட்டோடு வாசலுக்கு வந்தபோது காது குத்தி முடிந்து பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். தட்டை இறக்காமலே திரும்பிப் போய்விட்டீர்.

அத்தை உமக்காகவும் பேசவில்லை, எனக்காகவும் பேசவில்லை. "ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காருத வரைக்கும் இவ காதுல ஊசி படக்கூடாது" என்று சின்னவள் இன்பமணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், மூளிக்காதோடு. மற்றப் பிள்ளைகள் கேலி செய்வதாக வந்து அழுகிறாள். அத்தை அதோடு விட்டாரா, என் வீட்டுச் சோறு வேண்டாமென்று கொல்லையில் தனி அடுப்பு மூட்டினார். அவர் கருவாடு வறுத்த வாசனைக்கு முதலில் பிள்ளைகள் போனார்கள், பிறகு உம் தங்கை போனாள், அப்புறம் வீட்டு நாயும் போயிற்று, கடைசியில் என் வீட்டில் என் சாப்பாட்டை நான் ஒருவன்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விமானக் குண்டுக்குப் பயந்து ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லி வந்த ஏ.ஆர்.பி. ஆளிடம், "ஏலே, மேல பறக்கவன் என்ன எம் மருமவனா, வெளிச்சத்தப் பாத்துச் சோத்துக்கு இறங்குததுக்கு?" என்று கேட்டார். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது குண்டு விழுந்ததை விட மோசம். அவனும் கொல்லையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத்தான் போனான்.

சாகும்போதும் அத்தை மாறவில்லை. வாயில் பால் ஊற்றினோம். கண்ணைத் திறந்து, "ஏளா, பால்ல தண்ணி ஊத்துனது யாரு?" என்று செல்லக்கனியிடம் கேட்டார். அதுதான் கடைசிப் பேச்சு. மகனுக்கு ஆசீர்வாதம் சொன்னதாக எழுதச் சொல்லுகிறாள் உம் தங்கை. சொல்லவில்லை மச்சான், பால் கோபத்திலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் கடற்கரையில் இலை போட்டோம். வடை, உளுந்தங்களி, பணியாரம் எல்லாம் வைத்தும் ஒரு காக்காயைக் காணோம். ஊர்க் காக்காய் அத்தனையும் வடக்கே மீன் காயப்போட்ட இடத்தில் வேலையாக இருந்தன. சொரிமுத்து மாமா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "மதினிக்கு மனசுல குறை இருக்கு. எல்லாரும் கண்ண மூடி ஆளுக்கொரு வாக்குக் குடுங்க, வருதா இல்லையா பாப்போம்" என்றார். முதல் வாக்கும் அவருடையதுதான். "இரவல் வாங்குன அண்டாவத் திருப்பித் தந்திருதேன் மதினி." செல்லக்கனி, அம்மா வளர்த்த ஆட்டை விற்பதில்லை என்றாள். அடுத்தது யார் முறை என்று கண்ணை மூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. "அத்தை, மச்சானுக்கு நானே எழுதுதேன். சின்னவளுக்குக் காது குத்து அவுக மடியிலதான்" என்றேன். எல்லாரும் கண்ணைத் திறந்து பார்த்தால் இலையில் வடை இல்லை. மாமா மணலில் விழுந்து கும்பிட்டார். உம் தங்கை இலையைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

ஆகவே இது காக்காய்க்குக் கட்டுப்பட்டு எழுதுகிற கடிதம். இதில் மன்னிப்பு, சமாதானம் என்று ஏதும் இருப்பதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். காக்காய் வராமல் போயிருந்தால் நான் தபால்தலை ஒட்டியிருக்கமாட்டேன். கொல்லை அடுப்பு அணைந்து கிடக்கிறது. இப்போது எல்லாரும் என்னோடுதான் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான்.

அத்தைக்கு வருஷம் திரும்பினதும் காதுகுத்து வைக்கலாம் என்றிருக்கிறேன். தங்கள் சம்சாரத்துக்கு எங்கள் அன்பையும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
வாக்குக்குக் கட்டுப்பட்ட,
சிவனாண்டி.

பின்குறிப்பு: செல்லக்கனி இதைப் படித்துவிட்டு உறையை ஒட்டப் பசை எடுக்கப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். கடற்கரையில் நான் கண்ணை மூடவில்லை. மாமா அண்டாவைச் சொல்லும்போதே காக்காய் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "வந்துட்டு, எல்லாரும் எந்திரிங்க" என்று அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். உம் தங்கைக்கு இது தெரிய வேண்டாம். நீர் வாரும் மச்சான். கப்பல் பிந்தினாலும் பரவாயில்லை, இந்தத் தடவை முகூர்த்தம் காத்திருக்கும்.