முதல் நாளே வந்துவிடும் ஒத்திகை சார்

பிறந்தது ஒன்றைத் தவிர, வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டே செய்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பாகூர்க்காரர். வில்லியனூர் பக்கம் நான் வேலை பார்த்த மாத்திரை கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. எங்களுக்கு அவர் ஒத்திகை சார்.

வேலைக்குச் சேர வேண்டியது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே தேய்த்த சட்டையும் சாப்பாட்டுப் பையுமாக பஸ் மாறி வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

“இன்னா சார், இன்னிக்கு லீவாச்சே?” என்று கேட்டார் வாட்ச்மேன்.

“தெரியும்பா. நாளைக்கு வரணும். அதான், வர முடியுதான்னு வந்து பாத்தேன்.”

வாட்ச்மேனுக்கு ஒரு வணக்கம் வைத்து, வெளியே கட்டைச்சுவரில் உட்கார்ந்து சாப்பாட்டையும் முடித்துவிட்டு ஊர் திரும்பினார். அவர் முறைப்படி வேலைக்குச் சேருவதற்குள் வாட்ச்மேன் இந்தப் பெயரை எல்லோரிடமும் சேர்த்துவிட்டார்.

இந்தக் குணம் தொழிலிலிருந்து அவருக்கு வந்ததா, அவரிடமிருந்து தொழிலுக்குப் போனதா, தெரியாது. விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய விவரங்களை உள்ளே ஒரு கிடங்கில் வைத்திருக்குமாம். டிஸ்க்கில் எவ்வளவு இடம், என்னென்ன ஓடுகிறது என்று கேட்டால் அதைப் பார்த்துப் பதில் சொல்லும். எந்த டிபார்ட்மென்ட், எந்த அறை என்பது போல நாமாக ஒரு புது விவரத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், அதை ஒரு ஃபைலில் எழுதி, கறுப்புத் திரையைத் திறந்து ‘மாஃப்காம்ப்’ என்று டைப் அடித்து, ஃபைலின் பெயரைக் கொடுக்க வேண்டும். அது படித்துப் பார்த்துக் கிடங்கில் சேர்க்கும். சேர்த்ததும் ‘டன்!’ என்று ஆச்சரியக்குறியோடு சொல்லும்.

அந்தக் கட்டளையோடு ‘செக்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தால் கதை வேறு. பிழை இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. எதையும் உள்ளே வைக்காது, ‘டன்!’ என்றும் சொல்லாது. ஒத்திகை சாருக்கு உலகத்திலேயே பிடித்த வார்த்தை இந்த ‘செக்’தான்.

“பாத்தியாபா, இதான் மரியாத. தப்பிருந்தா நம்ம காதுல மட்டும் சொல்லுது. யாருக்கும் எந்தச் சேதாரமும் இல்ல” என்பார். ஒரு செக், ஒரு டீ, மறுபடியும் ஒரு செக். அப்புறம்தான் நிஜம்.

கறுப்புத் திரையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்கா மகள் கல்யாணத்தில், மேளக்காரர் சமயத்தில் கோட்டை விட்டுவிடுவாரோ என்று பயந்து, முகூர்த்தத்துக்கு முன்னாலேயே கெட்டிமேளத்தை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். அந்தப் புண்ணியவான் வாசித்தும் விட்டார். பந்தியில் இட்லி தின்றுகொண்டிருந்த கூட்டம் எச்சில் கையோடு ஓடி வந்து, காலி மணவறையின்மேல் அட்சதையைக் கொட்டியது. “இன்னாடா இது, ஜோடி எங்கடா?” என்று மாப்பிள்ளையின் பெரியப்பா அலற, “ஒண்ணுமில்லீங்க, சொம்மா ஒரு செக்கு” என்றார் நம்மவர். அக்கா அவரோடு பேச வெகுகாலம் ஆனது.

எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் நாளே வந்துவிடுவார். மறுநாள் உட்காரப்போகும் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். என் மனைவி கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, “நாளைக்கு வர்றேம்மா” என்று கிளம்புவார். “உங்க ஃப்ரெண்டுக்கு மட்டும் எல்லா விசேஷமும் ரெண்டு நாளு” என்று என் மனைவி சிரிப்பாள்.

இப்படிப்பட்டவருக்குக் காதல் வரலாமா? வந்தது.

ஸ்டெல்லா எங்கள் கம்பெனியின் லேபில் மாத்திரைகளைச் சோதிக்கிறவர். வில்லியனூருக்குப் பக்கத்தில் மாதா கோயில் இருக்கிற ஒரு கிராமம். தம்பியைப் படிக்கவைத்து, பிரான்சுக்கு அனுப்பி, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர். மற்றவர்களின் கம்ப்யூட்டர் பழுதானால் ஒத்திகை சார் போனிலேயே சரிசெய்வார். ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டருக்கு மட்டும் நேரில் போவார். பழுதாகாத நாளிலும் போவார். அந்த அம்மாவும் ஒருநாள்கூட, ஏன் வந்தீர்கள் என்று கேட்டதில்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் அவருக்கென்று ஒரு துண்டு தனியாக எடுத்துவைப்பார்.

கேட்டுவிடுவது என்று ஒத்திகை சார் முடிவெடுத்தார். அதாவது, ஒத்திகையைத் தொடங்கினார். ஆள் நான்.

“நீதான்பா ஸ்டெல்லா மேடம். நான் கேக்கறேன். நீ ஒத்துக்கவெல்லாம் வேணாம். தப்பிருந்தா மட்டும் சொல்லு.”

கேன்டீனில் இத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு, டீ கிளாஸைப் பார்த்து நான் வெட்கப்பட வேண்டியிருந்தது. மாம்பழக் காலத்தில் ஆரம்பித்தது, மழைக்காலத்திலும் ஓயவில்லை. ஒத்திகை சார் யாரையோ பெண் கேட்கப் பழகுகிறார் என்று கம்பெனி முழுக்கத் தெரிந்துபோயிற்று. யாரை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

“சார், ஒரு தப்பும் இல்ல. போயி கேளுங்க சார்.”

“இன்னும் ஒரே ஒரு தபாபா.”

அந்த ஒரு தபாவுக்குள் பிரான்சிலிருந்து தம்பியின் போன் வந்துவிட்டது. அக்காவுக்கு அங்கேயே ஒரு நல்ல இடம், உடனே புறப்பட்டு வா என்றான். ஸ்டெல்லா சம்மதம் சொல்லவுமில்லை, மறுக்கவுமில்லை. வேலையை மட்டும் விட்டார்.

கடைசி நாள், ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்க ஒத்திகை சார் லேபுக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்து, கேட்டுக்கு வெளியே அந்தக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். நான் ஓடினேன்.

“கேட்டீங்களா சார்?”

“கேட்டுட்டேம்பா. ஒத்திகையே பாக்கல. நேரா கேட்டேன். நம்ம பழகுன பேச்சு எதுவும் வாயில வரல. என் வூட்டுக்கு வந்துடுங்களேன், எனக்கு நீங்க வேணும்னேன். அவ்ளோதான்.”

நானும் சுவரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “என்ன சொன்னாங்க?”

“என்னையே பாத்தாங்க. கண்ணு கலங்கிப் போச்சு. அப்புறம் சிரிச்சு, ‘ரொம்ப நல்லா இருக்கு சார். இப்பிடியே போயி அவங்ககிட்ட கேளுங்க. கண்டிப்பா ஒத்துக்குவாங்க’ன்னாங்க.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். “அய்யோ சார்! ஒத்திகை இல்ல, உங்களத்தான் கேக்கறேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லலாம்னு வாயத் தொறந்தேம்பா.” அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்கு நான் பழகல.”

நான் போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்பா. இனிமே நான் எத சொன்னாலும் ஒத்திகைன்னுதான் நெனப்பாங்க. நீ சொன்னாக்கூட எனக்காகப் பழகிப் பாக்கறன்னுதான் நெனப்பாங்க. நல்லபடியா போவட்டும்.”

அவர் வாங்கிய சத்தியத்தின் மேல் அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வாரம் கழித்து ஸ்டெல்லா சம்மதம் சொல்லி விமானம் ஏறினார். போகும்போது கேக் டப்பா ஒன்றை வாட்ச்மேனிடம் ஒத்திகை சாருக்கென்று கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒத்திகை சார் ‘செக்’ போடுவதில்லை. ஃபைலை எழுதியதும் அப்படியே ஓட்டிவிடுவார். ஒருநாள் அப்படி ஓட்டியதில் எங்கள் டெஸ்பாட்ச் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் கேன்டீனைச் சேர்ந்தவை என்று பதிவாகிவிட்டன. மேனேஜர் கத்து கத்தென்று கத்தினார். இவர் கறுப்புத் திரையில் இருந்த ‘டன்!’ என்ற வார்த்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எழுத்துல தப்பிருந்தாத்தான் சார் செக்கு காட்டும். டிபார்ட்மென்ட் பேரு மாறிப்போனா அதுக்குத் தெரியாது. சரி பண்ணிக்கலாம். உள்ள போயிடுச்சில்ல?”

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் அந்தந்த நாளில் நேராக வருகிறார். எந்த நாற்காலி கிடைக்கிறதோ அதில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். எல்லோரையும் போல ஆகிவிட்டார் என்று கம்பெனியில் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அதில் துளியும் சந்தோஷமில்லை.

வருகிற வாரம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். முதல் நாளே அவருக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். என் மனைவியும் ஒரு காபிக்குப் பால் கூடுதலாகச் சொல்லிவைத்திருக்கிறாள்.