நூற்றுக்கு முப்பத்தெட்டு

சங்கு அலறியது.

காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, மண்டபம் கடற்கரைச் சாலையில் இருந்த அந்த நண்டுக் கம்பெனியின் கூரை மேலிருந்து ஊரையே தூக்குகிற மாதிரி அலறியது. அடுத்த நொடி, உள்ளே நண்டுச் சதை பிரித்துக்கொண்டிருந்த அறுபத்திரண்டு பெண்களும் கையிலிருந்த கத்தியை மேஜையில் போட்டார்கள். ஈரத் துணியால் மூக்கைப் பொத்தினார்கள். ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று அடிக்க, பின்பக்கக் கேட் வழியாகச் சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓடினார்கள்.

சங்கை அமுக்கிய மேனேஜர் சதக்கத்துல்லாவும் அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

"நில்லுங்கத்தா! ஏன் ஓடுறீங்க? நில்லுங்க!"

தோப்புக்குள் போய்த்தான் கூட்டம் நின்றது. எல்லாருக்கும் மூத்தவளான தங்கச்சிமடம் ஜெனோவா மூக்கிலிருந்து துணியை எடுத்தாள்.

"எங்கன சார் கசியுது?"

"என்னது கசியுது?"

"ஐஸ் பிளான்ட் அமோனியாதான் சார். அந்த விஷ வாயு கசிஞ்சாத்தானே சங்கு ஊதுவாக?"

"எதுவும் கசியலம்மா. இன்னையிலேருந்து மூச்சுப் பயிற்சி. எல்லாரும் ஒண்ணாக் கூடணும்ல, அதுக்குத்தான் ஊதினேன். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தேனே, பாக்கலையா?"

"அந்த போர்டுலதான் சார் நாங்க ஈர ஏப்ரன் காயப்போடுவோம்" என்றாள் ஜெனோவா. "சரி, மூச்சப் பிடிச்சுக்கிட்டு அரை மைல் ஓடியாந்துட்டோம். இன்னும் என்ன பயிற்சி பாக்கியிருக்கு?"

அரை மைல் என்பது ஜெனோவாவின் கணக்கு. நிஜத்தில் இருநூறு அடி இருக்கும். ஆனால் அதைத் திருத்துவதற்குள் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. யாரோ பாம்பனுக்குப் போன் போட்டுச் சொல்ல, வலையை அப்படியே போட்டுவிட்டு நாலைந்து புருஷன்மார்களும் பைக்கில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள், மேஜைகள் மீது ஐஸ் இல்லாமல் கிடந்த எழுபது கிலோ நண்டுச் சதை முதல் தரத்திலிருந்து மூன்றாம் தரத்துக்கு இறங்கிவிட்டது.

சதக்கத்துல்லா ஒன்றும் விளையாட்டுக்கு இந்த வேலையைச் செய்யவில்லை. போன வாரம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து எச்.ஆர். மேடம் போன் செய்திருந்தார்.

"எல்லாக் கிளையிலயும், வேலை பாக்குறவங்க எவ்வளவு ஈடுபாட்டோட இருக்காங்கன்னு மார்க் எடுத்தோம் சார். உங்க கிளை நூத்துக்கு முப்பத்தெட்டு. கடைசி."

"நல்லாத்தானே மேடம் வேலை பாக்குறாங்க?"

"வேலை பாக்குறது வேற, ஈடுபாடு வேற. ஒரு மாசம் உடல்நலம், மனநலம், பயிற்சி எல்லாம் நடத்துங்க. மறுபடி மார்க் எடுப்போம். அதைப் பாத்துட்டு, உங்கள வெராவலுக்கு அனுப்புறதப் பத்தி முடிவு பண்றோம்."

வெராவல் குஜராத்தில் இருக்கிறது. சதக்கத்துல்லா பதினாலு வருஷம் வெளிநாட்டில், தம்மாமில் மீன் கிடங்கு ஒன்றில் உழைத்துவிட்டு, போதுமடா சாமி என்று ஊர் திரும்பி எட்டு மாதம்தான் ஆகிறது. சின்ன மகள் சஃபா அவரை வீடியோ காலில் பார்த்தே வளர்ந்தவள். அவர் பெரியபட்டினத்து வீட்டில் வந்து இறங்கிய அன்று, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "உம்மா, போன் வாப்பா வந்துட்டாக!" என்று கத்தியவள். அந்தப் 'போன்' உதிர்ந்து வெறும் 'வாப்பா' ஆவதற்கு ஐந்து மாதம் பிடித்தது. திரும்பவும் போனுக்குள் போக அவர் தயாராக இல்லை.

மார்க்கை ஏற்றியே ஆக வேண்டும்.

மூச்சுப் பயிற்சி மூச்சை வாங்கியதால், மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். பெயர் சிநேகா. இருபத்தைந்து வயது இருக்கும். வந்ததும் சொன்னாள், "சிரிப்புப் பயிற்சிதான் சார் பெஸ்ட். வாய்விட்டுச் சிரிச்சா ஈடுபாடு தானா வரும்."

வேலை நிற்கக் கூடாது என்று சதக்கத்துல்லா நிபந்தனை போட்டதால், சதை பிரிக்கும் கூடத்திலேயே பயிற்சி ஆரம்பமானது.

"எல்லாரும் சிரிங்க பாப்போம்! ஹா ஹா ஹா!"

ஒரு சத்தமும் இல்லை. எல்லார் முகத்திலும் மாஸ்க்.

"ஏன்க்கா சிரிக்க மாட்டேங்கிறீங்க?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம் தாயி. மாஸ்க்குக்குள்ள சிரிக்கிறோம்" என்றாள் ஜெனோவா.

"அப்ப மாஸ்க்கைக் கழட்டிட்டு..."

"கழட்டக் கூடாது!" பாய்ந்து தடுத்தார் சதக்கத்துல்லா. "ஒரு முடி, ஒரு துளி எச்சில் பட்டாலும் சரக்கு அமெரிக்காவுலேருந்து திரும்பி வந்துரும்மா."

சிநேகா யோசித்தாள். "சரி, சிரிப்பு வர்றவங்க கையைத் தூக்குங்க. அப்பத்தான் எனக்குத் தெரியும்."

அறுபத்திரண்டு கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் சதை பிரிக்கும் கத்தி. சிநேகா வீலென்று அலறிக்கொண்டு சதக்கத்துல்லாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அதைப் பார்த்ததும்தான் அந்தப் பெண்களுக்கு நிஜமான சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கத்திகள் இன்னும் மேலே போய்க் குலுங்கின.

ஒரு நிமிஷத்தில் சென்னையிலிருந்து போன்.

"சதக்கத்துல்லா சார், கேமராவுல பாத்துக்கிட்டிருக்கேன். உங்களச் சுத்தி எல்லாரும் கத்தியைத் தூக்கிட்டு நிக்கிறாங்க. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம் மேடம். அவங்க சிரிக்கிறாங்க."



"அது இன்னும் மோசம் சார்."

அன்று சாயங்காலம் ஜெனோவா சதக்கத்துல்லாவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், தப்பா நெனைக்காதீக. நாங்க கிலோவுக்குக் கூலி வாங்குற ஆளுக. நீங்க சிரிக்கச் சொல்ற நேரத்துல ஒரு கிலோ உரிச்சிருவோம்."

"அதுக்குத்தான் ஜெனோவா, நாளையிலேருந்து வேலை முடிஞ்ச பொறவு வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் அவர் பெருமையாக.

வேலை ஐந்து மணிக்கு முடியும். தங்கச்சிமடம் பஸ் ஐந்தேகாலுக்கு. ஜெனோவா சுவர்க் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சம்மதித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் நம்பிக்கை விளையாட்டு. வேலை முடிந்து எல்லாரும் கொல்லைப்புறத்தில் கூடினார்கள். ஐந்தேகால் பஸ் பாம்பன் பாலத்தைப் பார்த்துப் போகும் சத்தம் கேட்டது. அறுபத்திரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

"மேனேஜர் சார் கண்ணை மூடிட்டு அப்படியே பின்னால சாய்வாங்க. நீங்க எல்லாரும் சேர்ந்து தாங்கிப் பிடிக்கணும். அதுதான் நம்பிக்கை!" என்றாள் சிநேகா.

சதக்கத்துல்லா தொப்பியைச் சரி செய்துகொண்டார். கண்ணை மூடினார். பெரியபட்டினத்தை நினைத்தார். சஃபாவை நினைத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிப் பின்னால் சாய்ந்தார்.

பின்னால் நின்ற அத்தனை பெண்களும், மரியாதையாக, ஒரே மாதிரி ஓரடி விலகி வழி விட்டார்கள்.

அவர் போய் உட்கார்ந்தது நண்டு ஓடு நிரம்பிய பிளாஸ்டிக் தொட்டியில்.

"ஏன் ஒருத்தரும் பிடிக்கல?" என்று சிநேகா பதறினாள்.

"நல்லாருக்கே கதை!" என்றாள் ஜெனோவா. "வேத்து ஆம்பளையத் தொட்டுப் பிடிக்கவா? அதுவும் அவுக அஞ்சு நேரம் தொழுகுற ஆளு. நாங்க நண்டுக் கையோட இருக்கோம்."

தொட்டியிலிருந்து அவரைத் தூக்கிவிட ஐஸ் பிளான்ட்டிலிருந்து ஆண்கள் வர வேண்டியிருந்தது.

வீட்டில் மூன்று நாள் அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"வாப்பா ஏன் குந்த மாட்டேங்கிறீக?" என்று கேட்டாள் சஃபா.

"வாப்பா கம்பெனியில பாடம் படிக்கிறாக. அந்த வலி" என்றாள் மனைவி நஃபீசா, சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு. பிறகு குரலைத் தணித்தாள். "ஏங்க, மார்க் வந்துருமா?"

"இன்ஷா அல்லாஹ்" என்றார் சதக்கத்துல்லா. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. சஃபா அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வெராவல் போனா, மறுபடியும் போனுக்குள்ள இருந்துதான் பேசுவீகளா வாப்பா?"

சதக்கத்துல்லா தட்டை வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார்.

மார்க் எடுக்கும் நாள் வந்தது. சென்னையிலிருந்து ஒரு டேப்லெட் அனுப்பியிருந்தார்கள். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று முகங்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். யார் எதைத் தொட்டார்கள் என்று தெரியாது. மேனேஜர் உள்ளே இருக்கக் கூடாது.

உள்ளே போவதற்கு முன், 'என் பிள்ளையை விட்டுட்டு என்னால போக முடியாதும்மா, பாத்துப் போடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. வாய் வரை வந்துவிட்டது. ஆனால் மேனேஜர் என்ற கௌரவம் குறுக்கே விழுந்தது.

"உங்க மனசுல உள்ளதப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். உள்ளே ஜெனோவா எதையோ கேட்பதும், சிநேகா பதில் சொல்வதும் கேட்டது. அதன் பிறகு ஒரே நிசப்தம். பதினைந்தே நிமிஷத்தில் அறுபத்திரண்டு பேரும் முடித்துவிட்டு வெளியே வந்தார்கள். யோசித்துப் போட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் முடியுமா? எல்லாம் அழுகிற முகம்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலை மெயில் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார்.

நூற்றுக்குத் தொண்ணூற்று ஏழு. எல்லாக் கிளைகளிலும் முதலிடம்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கம்ப்ரஸர் ஆப்பரேட்டர் அமோனியா மீட்டரை ஓடிப்போய்ப் பார்த்தார். சதக்கத்துல்லா நஃபீசாவுக்குப் போன் போட்டார். "சஃபாகிட்ட சொல்லு, வாப்பா எங்கயும் போகல!" கீழக்கரையிலிருந்து ஐந்து கிலோ தொதல் இனிப்பு வாங்கி வரச் சொல்லி, தானே மேஜை மேஜையாகப் போய்க் கொடுத்தார். பெண்கள் எல்லாரும் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். இந்தத் தடவை மாஸ்க்குக்கு மேலே, கண்களிலேயே சிரிப்பு தெரிந்தது.

பதினொரு மணிக்கு எச்.ஆர். மேடம் அழைத்தார்.

"வாழ்த்துகள் சார்! முப்பத்தெட்டுலேருந்து தொண்ணூத்தேழு! எம்.டி.யே அசந்து போயிட்டார். வெராவல் முடிவாயிடுச்சு."

"ரத்துதானே மேடம்?"

"ரத்தா? அங்க நாப்பத்தொண்ணு மார்க்தான் சார் வந்திருக்கு. அதைத் தூக்கி நிறுத்த உங்களை விட்டா ஆள் ஏது? ரெண்டு வருஷம். பயிற்சித் தலைவர் பதவி. ஒண்ணாந்தேதி அங்க இருக்கணும்."

போனை வைத்துவிட்டுச் சதக்கத்துல்லா நாற்காலியில் உட்கார்ந்தார். ஓடு குத்திய இடத்து வலி கூட அவருக்கு உறைக்கவில்லை.

டீ கொண்டுவந்து வைத்தாள் இராமலட்சுமி. சதையும் பிரித்து, கூடத்தையும் கூட்டித் துடைக்கிறவள். அறுபத்திரண்டில் அவளும் ஒருத்தி.

"பதவி ஒசந்து போறீகளாமே சார், சென்னையிலேருந்து சேதி வந்துச்சுன்னு இப்பத்தான் சிநேகா பாப்பா சொன்னுச்சு. எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்."

"இராமலட்சுமி" என்றார் அவர் ஈனக் குரலில். "உண்மையைச் சொல்லுத்தா. நான் நடத்துன ஒரு பயிற்சியும் உங்க யாருக்கும் பிடிக்கல. அது எனக்கே தெரியும். அப்புறம் எப்படி அத்தனை பேரும் சிரிக்கிற மூஞ்சியவே தொட்டீங்க?"

இராமலட்சுமி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் பக்கம் குனிந்தாள்.

"மார்க் தேறுற வரைக்கும் உங்கள இங்கனயிருந்து அசைக்க மாட்டாக, தெனமும் இதே பயிற்சிதான் நடக்கும்னு அந்தப் பாப்பாதான் சார் சொன்னுச்சு!"