வெயிலில் வைத்த தென்துருவம்

நாமக்கல்லில் நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்த ஊரில் லாரிகூட எப்போதாவது நிற்கும், அவர் நிற்கமாட்டார். முடிவெட்டும் கடையில் அவர் நாற்காலியைச் சுற்றி நடக்க, கடைக்காரர் கத்தரிக்கோலோடு பின்னாலேயே சுற்றினார் என்று சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய இடது காதுக்கு மேல் முடி எப்போதும் ஒரு விரற்கடை கூடுதலாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவர் பெயர் என்னவோ. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் வெறும் 'சோடாக்காரர்'. ஒரே மாதத்தில் 'தென்துருவம்' ஆகிவிட்டார். காரணம், எங்கள் பத்திரிகையின் நாலாம் பக்கத்தில் இடத்தை நிரப்பப் போட்ட ஒரு துணுக்கு. துருவக் கடல்களின் குளிர்ந்த நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை நிறைய உறிஞ்சிக்கொள்கிறது, பிறகு கனம் கூடி வாயுவையும் சுமந்துகொண்டு அடி ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது என்று நாலு வரி.

மறுநாள் காலை பேப்பரைச் சுருட்டிப் பிடித்தபடி என் அறைக்குள் நுழைந்தார்.

"ஏனுங்க, இத எழுதுனது நீங்கதானுங்களா?"

"இல்லைங்க. அது மெட்ராஸ் ஆபீஸ்ல போடறது."

"ஆரு போட்டா என்னங்க? இது எம்பட தொழிலுங்க! சூட்டுத் தண்ணியில கேஸ் நிக்காது, குளுந்த தண்ணிதான் புடிச்சு வெச்சுக்கும்னு இருவது வருசமாக் கத்தறன். ஒருத்தன் நம்பலீங்க. இப்பப் பாருங்க, கடலே சாட்சி சொல்லிப்போடுச்சு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மேசையை நான்கு முறை சுற்றியிருந்தார்.

"உலகத்துலயே பெரிய சோடா கம்பெனி தென்துருவத்துலதானுங்க இருக்குது. மிசினு இல்ல, சிலிண்டரு இல்ல. குளுருதான் மொதலாளி."

அன்று முதல் தன் கடையின் பின்கட்டில் ஒரு தென்துருவத்தை அமைக்கத் தொடங்கினார். பெரிய தகரத் தொட்டி. அதில் ஐஸ் கம்பெனியிலிருந்து உமியும் சாக்கும் சுற்றி வந்த ஐஸ் பாளங்கள். நடுவில் சோடாவுக்கான தண்ணீர் அண்டா. ஐஸின் மேல் இரண்டு படி கல் உப்பு. உப்பு எதற்கு என்று கேட்டேன். "கடலுன்னா உப்பு வேணுமல்லங்க?" என்றார். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கூடும் என்பது தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்டாத் தண்ணீர் மட்டும் பல் கூசும்படி குளிர்ந்திருந்தது.

சோடா மிஷினின் சக்கரத்தைச் சுற்றுவது அவர் மனைவி. புஜம் பட்டறை ஆட்களுடையதைப் போல இருக்கும். நாக்கு அதைவிட வலுவானது.

"சாமி, நீங்களாவது சொல்லுங்க. ஊர்ல மத்தவளுவெல்லாம் சந்தைக்குப் போனா சாமான் வாங்கியாறாளுவ. நான் தென்துருவத்துல உப்புக் கம்மியாப் போச்சுன்னு ஓடறனுங்க."

புதிய சோடாவின் வேகம் ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. கட்டைவிரலால் கோலியை அழுத்தினால் வாயு மூக்கில் ஏறி, குடிப்பதற்கு முன்பே கண்ணில் நீர் வரும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பிற ஊர்களில் கலவரம் செய்ய சோடா பாட்டிலை எடுத்து எறிய வேண்டும். அவருடைய பாட்டிலை வெயில் படும் பலகையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாலே போதும். சூடேறிய தண்ணீர் விழுங்கியதையெல்லாம் கக்க, பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீக்கடைகளில் பாட்டில்கள் வெடித்தன. ஒரு கடைக்காரரின் பன் ஜாடி போயிற்று. எல்லாக் கடைகளும் அவருடைய பெட்டிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டன. தகர மூடி போட்ட கம்பெனி பானம் வேனில் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஆர்டர். லாரி பாடி கட்டும் பட்டறை முதலாளியின் மகள் கல்யாணம், வைகாசியில். விருந்துக்குப் பிறகு நெஞ்சு அடைக்கிற சோடாதான் வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். கல்யாணம் நல்லபடி நடந்தால் கடைக்காரர்கள் மனம் மாறுவார்கள். இல்லையென்றால் சோடா மிஷின் பழைய இரும்புக்குப் போகும். இது ஊருக்கே தெரியும்.

முதலாளியின் தோட்டத்தில் பந்தல். தென்துருவம் விடியற்காலையிலேயே இருபது பெட்டி சோடாவைக் கொண்டுவந்து தென்னை நிழலில் அடுக்கி, ஈரச் சாக்கு போர்த்தி, "ஆரும் தொடக் கூடாதுங்க, பச்சக் கொழந்த மாதிரிங்க" என்று எல்லாரிடமும் சொன்னார். எல்லாம் யோசித்தவர் ஒன்றை விட்டுவிட்டார். தென்னை நிழலும் அவரைப் போலவே ஓரிடத்தில் நிற்காது. பதினோரு மணிக்கு நிழல் கிணற்றுப் பக்கம் போய்விட்டது. சாக்கு காய்ந்து அப்பளமாகக் கிடந்தது.

முதல் பந்தியில் பாயசம் வந்தபோது முதல் பாட்டில் வெடித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "வேட்டு நல்லா இருக்குதே, எங்க வாங்குனீங்க?" என்றார். இரண்டாவதையும் அவர் பாராட்டினார். மூன்றாவதில் ஒரு கண்ணாடிச் சில்லு பறந்து வந்து அவருடைய பாயசத்தில் விழுந்தது.

"கெளம்புங்கப்பா!" என்று எழுந்தார் பெரியப்பா. "பொண்ணு ஊடா இது, கல்லு ஒடைக்கற குவாரியா?"

பந்தி முழுவதும் எழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வேனைத் தேட ஆரம்பித்தார்கள். பட்டறை முதலாளியின் முகம் வெளிறியது. பெட்டிகளின் பக்கம் யாரும் போகவில்லை.

தென்துருவம் போனார். தண்ணீரில் முக்கிய சாக்கைத் தலையிலும் மார்பிலும் சுற்றிக்கொண்டு, ஒரு பெட்டியைத் தூக்கி, கிணற்றுப் படிகளில் இறங்கினார். தண்ணீர் முப்பது படி கீழே. பெட்டியை அடிப் படித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு மேலே ஏறி வந்தார். அடுத்தது. பிறகு அடுத்தது. வழியில் ஒன்று வெடித்து முழங்கையைக் கிழித்தது, நிற்கவில்லை. அவர் மனைவி மேலே நின்று மிச்சப் பெட்டிகளின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "கட்டுன நாள்ல இருந்து இந்த மனுசன் நடக்கறாரு. இன்னிக்குத்தான் ஒரு வேலைக்காவ நடக்கறாரு."

வெடித்துப் போன ஒரு பெட்டி நீங்கலாக, பத்தொன்பது முறை இறங்கி ஏறினார். நான் எண்ணினேன். பிறகு வெடிச்சத்தம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவே கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு பாட்டில் மேலே வந்தது. கோலியை அழுத்தினார். குடித்தார். அவர் விட்ட ஏப்பத்துக்குத் தென்னையில் இருந்த காக்கை பறந்தது. "இன்னொண்ணு எடுப்பா" என்றார். வேனில் ஏறியவர்கள் இறங்கினார்கள். இரண்டாம் பந்தி நடந்தது.

பட்டறை முதலாளி மட்டும் தலையை ஆட்டினார். "சோடா அருமைதான்யா. ஆனா வெடிச்சது நாளைக்குப் பேப்பர்ல வந்துட்டா எவன் கடையில வெப்பான்?" எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் நான் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தபோது தென்துருவம் வந்தார். முழங்கையில் கட்டு. செய்தியை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, அந்தக் கடலு... அடியில போன தண்ணி எப்பங்க மேல வரும்?"

"பல நூறு வருசம் ஆகுமாம்."

"வந்து வெயிலு பட்டா?"

"புடிச்சு வெச்சதுல கொஞ்சத்தத் திரும்ப விட்டுடும்."

ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே இரண்டு முறை நடந்தார். "அத எந்தக் கெணத்துலங்க கொண்டுபோய் வெக்கறது?" என்று கேட்டார்.

வாசல்வரை போய்த் திரும்பினார். "கல்யாணத்துல நடந்தத எழுதிப்போடுங்க. நடந்தது நடந்ததுதானுங்களே. ஆனா பாட்டலு மேல தப்பில்ல, நெழலப் பாக்காத எம்மேலதான்னு ஒரு வரி சேத்துக்கோங்க. வாரனுங்க."

செய்தியை எழுதினேன். கண்ணாடிச் சில்லு, பாயசம், முழங்கை, எதையும் விடவில்லை. அவர் கேட்ட வரியையும் சேர்த்தேன். ஒருமுறை படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்ற செய்திகளைக் கவரில் போட்டு ஒட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

தினமும் என் கவரைச் சேலத்துக்குக் கொண்டுபோகும் கண்டக்டர் அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"என்னங்க, இன்னிக்கு லேசா இருக்குது?"

"ஊர்ல ஒண்ணும் நடக்கலைங்க" என்றேன்.