நாகையா வாத்தியாரின் தொழில் வகுப்பு

"வாசு!"

பதில் இல்லை.

"வாசுதேவன்!" என்று நாகையா வாத்தியார் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். முழுப் பெயருக்கும் பதில் இல்லை. முப்பத்துநாலு பேர் இருந்த வகுப்பில் அன்றைக்கு "உள்ளேன் ஐயா" சொன்னவர்கள் பதின்மூன்று பேர்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு ரேஷன் வரிசையின் வால் காலில் தட்டுப்பட்டது. பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்ததே தவிர, பிள்ளைகளின் பசிக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

மணி அடித்ததும் நாகையா சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் போனார். வாசு வீட்டு வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். வாத்தியாரைக் கண்டதும் கிழங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவன் அம்மா பவுனம்மாள் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

"பின்னக் கணக்கு படிச்சு என்ன வாத்தியாரே பண்ணப் போறான்? ஒரு கிழங்க ஆறா வெட்டி ஆறு பேரு சாப்பிடுறோம். பின்னம் எங்களுக்கு வீட்டுலயே வருது."

"அதுக்காகப் படிப்ப நிறுத்தலாமாம்மா?"

"ஏதாச்சும் கைத்தொழில் சொல்லிக் குடுங்க. நானே இழுத்துட்டு வந்து விடுறேன்."

இருபது வருட வாத்தியார் வேலையில் நாகையாவுக்கு யாரும் இவ்வளவு உருப்படியான யோசனை சொன்னதில்லை. அடுத்த திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதினார்: காலையில் கணக்கு, மதியம் சவர்க்காரம்.

சோப்புக் காய்ச்சச் செம்பனை எண்ணெய், சாம்பல் தண்ணீர், ஒரு பழைய தகர டின். முதல் வாரமே முப்பத்துநாலு பேரும் வந்துவிட்டார்கள். பள்ளியில் பெயரே இல்லாத இரண்டு பேர் ஜன்னல் வழியாகக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் சீதாலெட்சுமி டீச்சர் எட்டிப் பார்த்து, "நிஜமாவே எல்லாரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாரும்மா," என்றார் நாகையா. அன்றைக்கு அவர் வருகைப் பதிவேட்டை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், கணக்கில் சந்தேகம் வந்து அல்ல, சந்தோஷத்துக்காக.

மூன்றாவது வாரம் சவர்க்காரம் கல் மாதிரி இறுகி, நுரையும் வந்தது. நாலாவது வாரம் வகுப்பில் பதினொரு பேர்.

மற்றவர்களைப் பாசார் கடைத்தெருவில் பார்த்தார். வரிசையாக உட்கார்ந்து சவர்க்காரத்துக்குக் கிழங்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கௌஸ் என்ற பையன் தொண்டை கிழியக் கத்தினான்: "நாகையா வாத்தியார் சவுக்காரம்! தேய்ச்சா வெள்ளை லா!"

நாகையா தலையைக் குனிந்துகொண்டு பாசாரின் பின்பக்கமாக வெளியேறினார்.

"தொழில் தெரிஞ்சதும் போயிடுறாங்க டீச்சர். முழுசாச் சொல்லிக் குடுத்தது என் தப்பு," என்று சீதாலெட்சுமியிடம் வருத்தப்பட்டார்.

"அப்ப அரைகுறையாச் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?"

அதைத்தான் செய்தார். மிச்சமிருந்த பதினொரு பேருக்கு, அவர்கள் இன்னும் சரியாகப் பிடிபடாமல் இருந்த சாம்பல் தண்ணீர் அளவை மட்டும் திரும்பச் சொல்லவில்லை. அளவு தெரியாத பையன்கள் தாராளமாக ஊற்ற, சவர்க்காரத்தில் காரம் ஏறித் துணியை அரித்தது. ஒரே வாரத்தில் மூன்று பெண்கள் ஓட்டை விழுந்த சட்டைகளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவள் பவுனம்மாள். சட்டை ஓட்டைக்குள் ஐந்து விரலையும் விட்டு ஆட்டிக் காட்டினாள்.

"இருந்தது ஒரே சட்டை வாத்தியாரே. இதுல பின்னம் எங்க இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

சவர்க்காரத்தை நிறுத்திவிட்டு நாகையா சைக்கிள் பழுது பார்க்கும் வகுப்பு ஆரம்பித்தார். இதில் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார். அந்த வட்டாரத்திலேயே உருப்படியான காற்றடிக்கும் பம்பு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. தொழில் கற்றுக்கொண்டாலும் காற்றுக்குப் பள்ளிக்கூடம்தானே வர வேண்டும்?

பையன்கள் திரும்பி வந்தார்கள். முதல் நாள் அவருடைய சைக்கிளைக் கழற்றினார்கள். பத்தாம் நாள் அதைத் திரும்பப் பூட்டினார்கள். அந்த ஒன்பது நாளும் நாகையா நடந்து போனார். அதற்குள் டயர் கிடைக்காத பஞ்சத்தில் யாரோ பழைய தோட்டத்து ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்திருந்தார்கள். வண்டி கடகடவென்று ஓடியது. காற்றே தேவைப்படவில்லை. பம்பு மட்டும் பள்ளிக்கூடத்தில் தனியாக இருந்தது. கூடவே ஒன்பது பையன்கள்.

அந்த ஒன்பது பேரை விடுவதில்லை என்று நாகையா முடிவு செய்தார். மரக்கட்டைச் செருப்பு செய்யச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு.

"இந்தப் பருவம் பூரா இடது கால் மட்டும்தான். வலது கால் அடுத்த பருவம்."

"ஏன் வாத்தியாரே?" என்றான் கௌஸ்.

"பாடத்திட்டம் அப்படி."

இரண்டு நாள் கழித்துக் கௌஸ் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். "நீங்க குடுத்த இடது கால் அளவு அட்டையக் கவுத்துப் போட்டு வரைஞ்சேன் வாத்தியாரே. வலது காலு வந்துடுச்சு. சரியா?"

"சரி," என்றார் நாகையா. பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. அந்த வாரக் கடைசியில் எட்டு பேர் போய்விட்டார்கள்.

கடைசியாகப் போனவன் வாசு. ஒருநாள் மத்தியானம் தனியாக வந்து நின்றான்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் வாத்தியாரே. தங்கச்சிங்க நாலு பேரு. நான் செருப்பு செய்யப் போறேன்."

"பின்னம் இன்னும் முடிக்கலையேடா. பெருக்கல் வரைக்கும்தான வந்திருக்கோம்."

"வகுத்தல் வேணாம் வாத்தியாரே. மிச்சம் வர்ற மாதிரி எங்ககிட்ட எதுவும் இல்ல."

அவன் போனபிறகு நாகையா காலி பெஞ்சுகளை நேராக்கி வைத்தார். சாம்பல் தண்ணீரை மறைத்ததும், வலது காலைப் பூட்டி வைத்ததும் நெஞ்சை அறுத்தன. கைக்குத் தொழில் கொடுத்தோம், அதையும் மனசார முழுசாகக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கெட்டிக்கார வாத்தியாராக ஒருவன் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகளில் பாதியையாவது பிடித்து வைத்திருப்பான். அவருக்கு அப்படித்தான் தோன்றியது.

அந்தச் சமயத்தில் மேலே இருந்து ஒரு பாரம், அச்சடித்த படிவம், வந்தது. பெயர், வயது, தெரிந்த கைத்தொழில். எல்லாப் பள்ளிக்கூடமும் உடனே நிரப்பி அனுப்ப வேண்டும்.

"முப்பத்துநாலு பேரையும் எழுதிடுங்க," என்றாள் சீதாலெட்சுமி. "எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் வராத பிள்ளைங்க பேர எழுதித்தான் அனுப்புறாங்க. இல்லன்னா பள்ளிக்கூடத்த மூடிருவாங்க."

நாகையா பேனாவை மையில் தோய்த்தார். வாசு பெயரில் 'வா' எழுத மனம் வந்தது, கை வரவில்லை.

"என்னால பிடிச்சு வைக்க முடியல டீச்சர். தாள்ல மட்டும் பிடிச்சு வச்சு என்ன பிரயோஜனம்?"

"வெறும் தாளயா அனுப்புவீங்க?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இங்கே ஒரு பள்ளிக்கூடம் நடந்தது என்பதற்காவது அடையாளம் வேண்டும். முதல் வரியில் தன் பெயரை எழுதினார். வயது நாற்பத்தொன்று. சவர்க்காரம், சைக்கிள், கட்டைச் செருப்பு. மீதி வரிகளின் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'மாணவர் எவரும் இல்லை' என்று எழுதும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து மேலிடத்து அலுவலகத்தின் பியூன் பீர் முகம்மது வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலி பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மேல கோவமா இருக்காங்களா பாய்?" என்றார் நாகையா, தப்பு செய்த பையனைப் போல.

"கோவம் இல்ல வாத்தியாரே. சயாம்ல ரயில் பாதை போடுறானுங்கல்ல, அதுக்குத் தொழில் தெரிஞ்ச ஆளு வேணுமாம். அந்தப் பாரத்தப் பார்த்துத்தான் எடுக்கிறானுங்க. ஒரு பள்ளிக்கூடத்துல இருபத்தாறு பையனுங்க. இன்னொண்ணுல நாப்பது. அங்க போனவன் ஒருத்தன்கூட இன்னும் திரும்பலையே."

நாகையா எழுந்து அவர் பக்கம் வந்தார். "எங்க பிள்ளைங்களையுமா?"

பீர் முகம்மது தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்க பாரத்துல பிள்ளைங்க பேரே இல்ல. மூணு தொழில் தெரிஞ்சவருன்னு ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு. லோரி வாசல்ல நிக்குது வாத்தியாரே."