பக்கத்து சீட்டுக்கான போராட்டம்

விமானத்தை மறிப்பது என்று முடிவு செய்தேன்.

பஸ்ஸை மறித்திருக்கிறேன். விருதுநகரில் ரயிலை மறித்திருக்கிறேன். ஆலங்குளத்தில் சிமெண்ட் லாரிக்கு முன்னால் படுத்தபோது, டிரைவர் தன் போர்வையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஆகாயம் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

வாய்ப்பைக் கொடுத்தவள் என் மகள் வேல்விழி. ஐதராபாத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடும் விசேஷம். மாப்பிள்ளை சபரிநாதன் எனக்கும் என் மனைவி இருளம்மாளுக்கும் மதுரையிலிருந்து விமான டிக்கெட் எடுத்து அனுப்பினார். மலிவு விமானம். அதில் உட்கார்ந்திருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம் என்று கேள்விப்பட்டிருந்தேன். உட்காருவதற்கும் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

"ஏ இருளு, உனக்கு முன்னால நாலாவது வரிசை போட்டிருக்கான். எனக்கு இருபத்தேழு. பஸ்ஸா இருந்தா நான் ஏணியில தொங்கணும். என்ன இது?"

இருளம்மாள் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மலிவு பிளைட்டுல சீட்டை மாத்தணும்னா தனியாக் காசு கட்டணுமாம்."

"புருசன் பக்கத்துல பொண்டாட்டி உக்காரக் காசா?"

"சீட்டுக்குக் காசு கேக்குறாக. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் போன தீபாவளிக்குப் போனஸ் வந்தது என்றால், நான் கேட்டை மறித்து உட்கார்ந்ததால் வந்தது. வாங்கியவர்களில் ஒருத்தர்கூட நன்றி சொல்லவில்லை. அங்கே பேக்கிங் வேலை பார்க்கும் இருளம்மாளும் சொல்லவில்லை. அந்தப் போனஸை என்ன செய்தாய் என்று கேட்டால், "நல்ல காரியத்துக்கு வச்சிருக்கேன்" என்பாள். அப்பேர்ப்பட்ட நான் இருபத்தேழாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டு போவதா?

சிவகாசியில் மாரிசாமி அச்சகத்துக்குப் போனேன். காலண்டர் ஆர்டருக்கும் வெடி லேபிளுக்கும் நடுவே என் நோட்டீசு மெஷினில் ஏறியது. தலைப்பு நானே எழுதியது: "தாலி கட்டியவனைத் தள்ளி உட்காரவைக்கும் ஆகாய முதலாளித்துவமே, பதில் சொல்!" விமானம் கிளம்பும் நேரம் எழுந்து நின்று ஒரு சொற்பொழிவு. பிறகு வரிசை வரிசையாக நோட்டீசு. பதில் வரும்வரை விமானம் நகராது.

நோட்டீசுக் கட்டைப் பார்த்ததும் இருளம்மாள் தலையில் கை வைத்தாள்.

"இங்கன பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நடுவழியில நம்மள இறக்கி விட்டுட்டான்னா பேத்தி தொட்டிலுக்கு எப்படிப் போறது?"

"இறக்கட்டும். நாடே கொந்தளிக்கும்."

"என் தம்பி கல்யாணத்துக்குப் போகையில சில்லறைக்காகச் சாத்தூருல பஸ்ஸை மறிச்சீக. நாடு கொந்தளிச்சுச்சா? நாம போகையில எச்சி இலை எடுத்துக்கிட்டு இருந்தாக."

"சில்லறை கிடைச்சுதா இல்லியா?"

"கிடைச்சுச்சு. அதை வச்சு ஓட்டல்ல இட்லி தின்னோம்."

போராட்ட வரலாற்றை இப்படித்தான் கொச்சைப்படுத்துவார்கள்.

மறுநாள் அவளே வழிக்கு வந்தாள். பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு தராசு வாங்கி வந்திருந்தாள்.

"ஆளுக்கு ஒரு பை. ஏழு கிலோவுக்கு மேல கூடாதாம். உங்க நோட்டீசை வச்சா வேட்டி சட்டைக்கு இடமில்ல."

"நோட்டீசு இல்லாம நான் வர மாட்டேன்."

"யாரு வேணாம்னா? உடுத்துன துணியை எவனும் நிறுக்க மாட்டான்ல? நாலு சட்டை, மூணு வேட்டி. அம்புட்டையும் மேலயே போட்டுக்கோங்க."

திகைத்துப்போனேன். இத்தனை வருடம் என் கூட்டத்துக்கு நாற்காலி தூக்கக்கூட வராதவள், இன்று தலைமறைவு வேலைக்குத் திட்டம் தீட்டுகிறாள்! கண் கலங்கிவிட்டது.

"ஆனா ஒண்ணு" என்றாள். "வெளிய தெரிஞ்சுரக்கூடாது. சத்தம் கித்தம் போட்டீகன்னா அம்புட்டுக் கண்ணும் உங்க மேலதான் விழும். சட்டையை எண்ணிருவாக. பைக்குக் காசு கட்டாமக் கடத்துன கேசு ஆயிரும்."

"நான் ஜெயிலைப் பார்த்தவன்."

"போனசு கேட்டு ஜெயிலுக்குப் போறது வேற. சட்டைக்குள்ள சட்டை கடத்திப் போறது வேற."

அது உண்மைதான். அந்தக் கேசுக்கு ஜாமீன் எடுக்க எங்கள் தொழிற்சங்கத்து ஆட்கள்கூட வரமாட்டார்கள்.

மதுரை விமான நிலையத்தில் நான் நடக்கவில்லை, உருண்டேன். வெளியே சித்திரை வெயில். உள்ளே நாலு சட்டை. சோதனை போட்ட காவலர் என் வயிற்றைத் தட்டினார். பிறகு காலரைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை. அதற்குள் நீலம். அதற்குள் கட்டம். அடியில் சங்கத்துச் சிவப்பு.

"என்ன பெரியவரே, குளிருதா?"

பெரியவர் என்று ஆளை மட்டம் தட்டுகிற அந்தத் தொனிக்கு, வேறு நாளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அன்று ஒரு கோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூன்றாவது சட்டைப் பொத்தானில் மாட்டி நின்றுவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

விமானத்தில் நாலாவது வரிசையைத் தாண்டும்போது பார்த்தேன். இருளம்மாள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். விமானம் இன்னும் கிளம்பக்கூட இல்லை. பிரிவுத் துயரம் அவளை அப்படி வாட்டுகிறது என்று நினைத்தேன். என் உறுதி இரண்டு மடங்கானது.

ஆனால் இருபத்தேழாவது வரிசையில், இரண்டு வாலிபர்களுக்கு நடுவே என்னைத் திணித்தபோது நிலைமை புரிந்தது. கை மேலே எழும்பவில்லை. கை எழும்பாமல் கோஷம் போட்டவன் உலகத்தில் உண்டா? தலைக்கு மேலே இருந்த பையை எடுக்கவும் வழியில்லை. விமானப் பணிப்பெண் வந்து, "சார், ரொம்ப வேர்க்குதே, உடம்புக்கு எதுவும் செய்யுதா?" என்று கேட்டாள். என் கண்ணையா பார்க்கிறாள், காலரையா பார்க்கிறாள்? தாடையை இறக்கிக் காலரை மறைத்துக்கொண்டேன்.

விமானம் கிளம்பியது. பறந்தது. இறங்கியது. பதில் சொல்லாமலே ஆகாய முதலாளித்துவம் ஐதராபாத் போய்ச் சேர்ந்தது.

இருளம்மாள் முகம் கழுவியதுபோல் தெளிவாக இறங்கி வந்தாள். அழுது தீர்த்துவிட்டாள் போலிருக்கிறது என்று எண்ணினேன்.

மகள் வீட்டில் பையைத் திறந்தேன். உள்ளே பொட்டலம் பொட்டலமாகச் சாத்தூர் சேவு. ஒவ்வொன்றும் என் நோட்டீசில் மடித்திருந்தது.

"இருளு! என்ன காரியம் பண்ணுன?"

"உங்க நோட்டீசு உங்க பையிலதான இருக்கு? தொட்டிலுக்கு வர்றவுகளுக்கு வெறுங்கையோடயா நிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடியிருப்பே வந்தது. பேத்தி தொட்டிலில் கிடந்து கையை முறுக்கி ஆட்டினாள். ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்? வந்தவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிப்போனார்கள். என் வாழ்நாளில் ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் தீர்ந்த நோட்டீசு அதுதான். வாங்கியவர்கள் அத்தனை பேரும் தெலுங்கர்கள்.

"ஏம்மா, அப்பா வழியில சண்டையே போடலையா?" என்று வேல்விழி கேட்டாள்.

"கம்பெனி கேட்டுல சோதனை போடுறப்ப, மடியில கடலை மிட்டாயை ஒளிச்சு வச்சிருக்கவதான் வாயைத் தொறக்கவே மாட்டா. அதான் உங்க அப்பாவுக்கு நாலு சட்டையை மாட்டி விட்டேன். எத்தனை சட்டை போட்டாலும் எவனும் கேக்க மாட்டான்னு மாப்பிள்ளைட்ட முன்னாலயே கேட்டுக்கிட்டேன்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சேவைத் தின்றுவிட்டு, எண்ணெய் படிந்த நோட்டீசை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு வாசகர்!

"மாமா, இதுல ஒரு தப்பு இருக்கே. பக்கத்துல உக்காரக் காசு கேட்டதாப் போட்டிருக்கீங்க. நான் ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டுதானே போட்டேன்? அப்புறம் அத்தைதான்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

நான் இருளம்மாள் பக்கம் திரும்பினேன். அவள் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"சீட்டுக்குக் காசு கேக்குறாகன்னுதான சொன்னேன்? தள்ளி உக்கார நான்தான் கட்டுனேன். ரெண்டு மணி நேரம் உங்க பிரசங்கம் இல்லாமத் தூங்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

"அதுக்கு ஏது உனக்குக் காசு?"

"போன தீவாளிக்குப் போராடி வாங்கிக் குடுத்தீகளே, அந்தப் போனசுதான். திரும்பிப் போறதுக்கும் சேத்தே கட்டியாச்சு."