ஆகஸ்ட் கணவர்களின் மேஜை

என் மனைவி எல்வீராவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரிக்கு எங்கே சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஜெர்மனிக்காரி. இத்தாலியில் எங்கள் ஃபெர்ராரா நகரைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வந்து, கோட்டை அகழியோரம் விழுந்து காலை முறித்துக்கொண்டவள். எல்வீராவுக்கு இதயம் பாதிதான் வேலை செய்தது. வாய் முழு நேரமும் செய்தது. ஜெர்மன் மொழியில் பேசினாள். நடுவில் இரண்டு தடவை என்னைக் கை காட்டினாள். கால் முறிந்தவள் என்னைத் தலையிலிருந்து தொப்பை வரை அளந்துவிட்டுத் தலையாட்டினாள்.

"என்னைப் பத்தி என்ன சொன்னே?" என்றேன்.

"எங்க சாப்பிடணும்னு சொன்னேன். யாரை நம்பக் கூடாதுன்னும் சொன்னேன். நீ போய் அந்த நீல கவுனை எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெர்மனிக்காரி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு முன்பே அழுதுவிட்டாள். அதிலும் நான் இரண்டாவதுதான்.

எல்வீராவிடம் நான் தோற்ற கதைகளை எழுதினால் தாள் போதாது. பெரிய தோல்வியை மட்டும் எழுதுகிறேன்.

அது 1974. கதீட்ரலுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் நான் வரவேற்பு மேஜைக்காரன். எனக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் என் அண்ணன் தீனோ நாற்பத்தொன்பது வயதில் செத்துப்போனான், மத்தியானச் சாப்பாட்டின்போது. வசந்தத்தில் எல்வீரா என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார். கல்லீரலும் ரத்தமும் அண்ணனுக்கு இருந்த மாதிரியேதான் இருக்கின்றன, இப்படியே தின்றால் இரண்டு கிறிஸ்துமஸ் தாண்டாது என்றார்.

அன்றைக்கே ஒரு மகா சபதம் செய்தேன். வெண்ணெய், பன்றி, பாலாடை மூன்றையும் துறந்தேன். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அந்தச் சபதத்தைக் காப்பாற்றியவள் எல்வீரா. ஆகஸ்டில் அவள் கடற்கரைக்குப் போனாள். சபதமும் அவளோடு பஸ் ஏறிவிட்டது.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் என்றால் கடைக்காரர்கள் கதவில் "விடுமுறை" என்று பலகை மாட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதற்கு முன்பே போயிருப்பார்கள். ஊரை விட்டுப் போகாதவை மூன்று: கோட்டை, கொசு, கணவன். கணவன் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை திரும்புவான். எல்வீராவின் தங்கை போர்ட்டோ கரிபால்டி கடற்கரையில் விடுதி நடத்தினாள். வருகிறவர்கள் எல்லாம் ஜெர்மனிக்காரர்கள். எல்வீரா கோடையில் அங்கே பரிமாறப் போவாள். பரிமாறிப் பரிமாறியே அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் ஆறு பாத்திரம் கட்டிக் கொடுப்பாள். ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி ஒட்டியிருக்கும். உள்ளே உப்பில்லாமல் வேகவைத்த சுக்கினியும் வெறும் சோறும். சுக்கினியை அப்படி வேகவைத்தால், தான் ஒரு காய் என்பதே அதற்கு மறந்துவிடும். ஹோட்டலில் துணி துவைக்கிற அம்மாள் கோழி வளர்த்தாள். பாத்திரங்களை அவற்றுக்குக் கொட்டினேன். முதல் நாள் கொத்தின. இரண்டாம் நாள் என்னைக் கண்டதும் ஓடின.

நான் சாப்பிட்டது எர்மெஸ் கடையில்.

எர்மெஸின் சாப்பாட்டுக் கடை பழைய மதிலோரம் இருந்தது. முன்பக்கம் இரும்புக் கதவு இறங்கியிருக்கும், விடுமுறைப் பலகை தொங்கும். முதுகுவலி, ஆகஸ்ட் முழுக்கப் படுத்திருக்கப் போகிறேன் என்று அவன் தன் மனைவி வில்மாவிடம் சொல்லி அவளைக் கடலுக்கு அனுப்பியிருந்தான். பின்பக்க முற்றத்து வழியாகப் போனால் நீளமாக ஒரு மேஜை. அதில் பன்னிரண்டு கணவர்கள். மருந்துக்கடைக்காரர், கோர்ட்டு குமாஸ்தா, கதீட்ரலில் ஆர்கன் வாசிப்பவர், ரயில்வேக்காரர்கள் என்று எல்லாரும் வீட்டில் கிழமை ஒட்டிய பாத்திரம் உள்ளவர்கள். நடுவில் பஸ்தீச்சோ வந்து இறங்கும். இனிப்பு மாவில் மூடி போட்ட ஒரு கோபுரம் அது. கத்தி வைத்தால் உள்ளே மக்ரோனி, இறைச்சிக் குழம்பு, வெண்ணெயில் கிண்டிய பால், காளான், ஜாதிக்காய் வாசம். அந்த வெயிலில் அதைத் தின்பது பைத்தியக்காரத்தனம். நாங்கள் இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றோம்.

அந்த மேஜைக்குக் காவல்காரன் நான். பயணிகள் உள்ளே வந்தால் ஊரே பேசும், ஊர் பேசினால் கடற்கரையும் பேசும். ஆகவே எங்கே சாப்பிடலாம் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் "எல்லாம் மூடியிருக்கு, ஸ்டேஷன்ல ரொட்டி கிடைக்கும்" என்பேன். நாலு மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது.

என் மேஜையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்த ஊரில் எங்கே நன்றாகச் சாப்பிட்டோம் என்று வந்தவர்கள் வருகிறவர்களுக்கு எழுதி வைப்பதற்காக முதலாளி வைத்தது. எனக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. தினமும் தூசி தட்டுவேன். பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் காசெல் நகரிலிருந்து லோடமான் என்று ஒருவர் மனைவியோடு வந்தார். லத்தீன் வாத்தியார். எங்கள் பாஷையை ஆயிரம் வருஷத்துப் புத்தகங்களில் கற்றிருந்தார். நோட்டுப் புத்தகத்தை நெடுநேரம் படித்தார். அப்புறம் என் கழுத்துப் பட்டையிலிருந்த குழம்புக் கறையை நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா, இந்நகரில் உண்டிச்சாலை யாதொன்றும் திறந்திலதோ?"

"எல்லாம் மூடிட்டாங்க சார். ஸ்டேஷன்ல ரொட்டி கிடைக்கும்."

"நன்று" என்றார்.

ஒரு மணிக்கு நான் சைக்கிளில் கிளம்பினேன். பின்னால் இரண்டு சைக்கிள் வந்தன. தேவையில்லாமல் மூன்று சந்து திரும்பினேன், அவையும் திரும்பின. முற்றத்தில் நான் இறங்கியபோது லோடமான் வியர்வையைத் துடைத்தபடி நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்ததைச் சொன்னார். எல்லாம் மூடியிருப்பதாக மேஜைக்காரர் சொல்கிறார் என்று போன வாரம் ஒரு டச்சுக்காரர் எழுதியிருந்தாராம். ஆனால் அவர் இரண்டரை மணிக்கு ஜாதிக்காய் மணக்கத் திரும்புகிறாரே என்று கீழே ஓர் ஆங்கிலேயப் பெண். அதற்கும் கீழே வியன்னா டாக்டர் ஒருவர் கோடு போட்டு எழுதியது: "மேஜைக்காரரைப் பின்தொடரவும்."

அதை நான் தினமும் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

வேறு வழியில்லை, இருவரையும் உட்கார வைத்தோம். சாப்பிட்டு முடித்ததும் எர்மெஸ் சத்தியம் கேட்டான். லோடமான் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். "இத்தாலியர் எவர்க்கும் இதனை உரையேன்." எர்மெஸுக்குக் கண் கலங்கியது. சொன்ன சொல்லை லோடமான் இம்மி பிசகாமல் காப்பாற்றினார். அதுதான் வினையாகிவிட்டது.

இங்கிருந்து அவர்கள் நேராகக் கடற்கரைக்குப் போனார்கள். தங்கியது என் மைத்துனியின் விடுதியில். இரவுச் சாப்பாட்டில் ஒரே மேஜையில் பதினோரு ஜெர்மனிக்காரர்கள், எந்த ஊரில் எங்கே சாப்பிடலாம் என்று பேச்சு. லோடமான் பின் முற்றத்தைச் சொன்னார், பஸ்தீச்சோவைச் சொன்னார், இரண்டு தட்டு தின்றுவிட்டு நாற்காலியிலேயே தூங்கும் ஹோட்டல்காரரைச் சொன்னார். அவர் தோளருகே நின்று சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள் எல்வீரா. ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று அவள் தங்கை பின்னால் சொன்னாள்.

இது எதுவும் தெரியாமல் சனிக்கிழமை நான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கன்னத்தை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தேன்.

"இளைச்சுட்டே ஒரெஸ்தே" என்றாள். குரலில் அவ்வளவு பரிவு. பதினெட்டு வருஷத்தில் கேட்காத பரிவு. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"பாத்திரமெல்லாம் காலியா?"

"வழிச்சு நக்கிட்டேன்."

"வியாழக்கிழமை பாத்திரம் எப்படி இருந்துச்சு?"

"அதுதான் எல்லாத்தையும் விட அருமை."

"அதை நான் உன் பையில வைக்க மறந்துட்டேன். அலமாரியில இருக்கு, பாரு."

பார்த்தேன். இருந்தது. அலமாரியை மூடினேன். அவளே உதவிக்கு வந்தாள். "பசியில கிழமை குழம்பியிருக்கும். பாவம்." அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலை நனைத்துவிட்டு வருகிறேன் என்று மணலில் இறங்கிப் போனாள். மணல் என்றாலே ஆகாதவள். மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். நான் நிழலில் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை எர்மெஸ் கடையில் எல்லாரும் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவன் பெரிய மூடி போட்ட தட்டைக் கொண்டுவந்து வைத்தான். எங்கள் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் தூக்கினான். வேகவைத்த சுக்கினி. பக்கத்தில் வெறும் சோறு.

"நேத்து வில்மா போன் பண்ணா" என்றான். "முதுகு எப்படி இருக்குன்னா. படுத்த படுக்கைன்னேன். நான் கடை நம்பருக்குல்ல போன் பண்ணேன், கட்டிலைக் கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டியான்னா."

எல்வீரா அந்த மூன்று மணி நேரமும் மணலில் நட்ட குடை குடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். பதின்மூன்று மனைவிமாரும் ஒரு குடை நிழலில் கூடித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். எர்மெஸ் கடையைத் திறக்கலாம். யாருக்கு வேண்டுமானாலும் பஸ்தீச்சோ போடலாம். இந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் அவர்கள் எழுதிக் கொடுத்ததுதான். மீறினால் பதின்மூன்று பேரும் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து ஆகஸ்ட் முழுக்க வீட்டிலேயே இருப்பார்கள்.

"இந்த வெயில்லயா?" என்றார் மருந்துக்கடைக்காரர். முதலில் முள்கரண்டியை எடுத்தவரும் அவர்தான்.

அப்போது எர்மெஸ் முன்பக்கம் போய் இரும்புக் கதவைத் தூக்கினான். ஆகஸ்டில் அந்தக் கதவு திறந்து நாங்கள் பார்த்ததில்லை. எட்டுப் பயணிகள் உள்ளே வந்தார்கள். கடற்கரையிலிருந்து திரும்பிய லோடமானும் இருந்தார். எங்களுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேஜையில் பஸ்தீச்சோ இறங்கியது. வாசம் மட்டும் எங்கள் பக்கம் வந்தது.

சாப்பிட்டு முடித்து லோடமான் எங்களிடம் வந்தார்.

"உமது தட்டைக் காட்டுவீராக."

"எதுக்கு சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். எல்வீராவின் கையெழுத்து. கடற்கரை விடுதியில் எல்லாருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாள். பெயர்த்துப் படித்தார். "ஃபெர்ராராவில் ஆகஸ்டில் உண்ணத் தக்க இடம் ஒன்றே. பஸ்தீச்சோ கேட்பீராக. நீண்ட மேஜையில் கணவர் பன்னிருவர் அமர்ந்திருப்பர். அவர்தம் தட்டில் பச்சையும் வெள்ளையும் அன்றிப் பிற நிறம் காணின், கீழ்க்கண்ட முகவரிக்கு அஞ்சலட்டை விடுக்க."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே" என்றேன்.

"இத்தாலியர்க்கு உரைத்திலேன். ஜெர்மானியர்க்கே உரைத்தேன். சூப் வார்த்த அம்மையார்க்கு எம் மொழி தெரியும் என்பதை யானறியேன்." கொஞ்சம் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே என் தட்டைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்.

ஜெர்மனிக்காரர்கள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அரைகுறையாகச் செய்வதில்லை. மாதம் முடிவதற்குள் எல்வீராவுக்கு நாற்பத்தொரு அட்டை வந்தது. எல்லாவற்றிலும் முன்பக்கம் கோட்டைப் படம், பின்பக்கம் எங்கள் தட்டு. ஆர்கன் வாசிப்பவரின் தாடியில் பஸ்தீச்சோ மூடியின் துணுக்கு ஒன்று இருந்ததாக ஓர் அட்டை சொன்னது. அவர் மனைவி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்த ஞாயிறு கதீட்ரலில் அவர் வாசித்த எல்லாம் சாவுப் பாட்டு மாதிரியே இருந்ததாம்.

அடுத்த சனிக்கிழமை நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். பஸ்ஸிலேயே வசனம் ஒத்திகை பார்த்திருந்தேன். விடுதிப் பின்கட்டில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஊர் முன்னால் என்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டாய் என்றேன். ஹோட்டலில் பயணிகள் என்னைப் பார்த்ததும் வயிற்றைப் பார்க்கிறார்கள் என்றேன். ஒரு மனுஷன் தன் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்யக் கூடாதா என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மீனைக் கழுவினாள். முடித்துக் கையைத் துடைத்தாள்.

"தீனோ செத்தப்ப அவன் கையில முள்கரண்டி இருந்துச்சு. நீ அழுதுக்கிட்டு இருந்தே, நீ பாக்கல. அதை அவன் விரல்லேர்ந்து பிரிச்சு எடுத்தது நான்தான். சுலபமா வரல. உன் விரலை நான் பிரிக்க மாட்டேன் ஒரெஸ்தே. போய்க் கையைக் கழுவு, சாப்பாடு ஆயிடுச்சு."

போய்க் கழுவினேன். சாப்பாடு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஆகஸ்டும் அப்படியே போயிற்று. எர்மெஸின் கடை பெரிய பெயர் எடுத்தது. பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லி, பஸ்தீச்சோவுக்கும் எங்களைப் பார்ப்பதற்கும் வந்தார்கள். சிலர் எங்களைப் படம்கூட எடுத்தார்கள். எல்வீராவை அடக்கம் செய்த அன்றுதான் அவள் தங்கை சொல்லித் தெரிந்தது, கடற்கரையில் பதின்மூன்று பேரும் தினமும் மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று. விலாங்கு மீன். கொழுப்புச் சொட்டச் சொட்டத் தணலில் சுட்டது.

எனக்கு இப்போது எண்பத்து நான்கு. என் வயிற்றைத் தட்டிப் பார்த்த டாக்டர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த மேஜையில் உட்கார்ந்த பன்னிரண்டு கணவர்களில் ஏழு பேர் இருக்கிறோம். மனைவிமார் பதின்மூன்று பேரில் இரண்டு பேர்.