கோழி எருவும் என் ஞாயிற்றுக்கிழமையும்

என் ஞாயிற்றுக்கிழமையை மனைவியிடமிருந்து மீட்டே தீருவது என்று ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளையெல்லாம் நான் கண்ணாடி முன்னால்தான் எடுப்பது. அங்கேதான் எதிர்த்துப் பேச ஆளில்லை.

காரணம், தோட்டம். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தைத் தோட்டம் என்று என் மனைவி அறிவித்துவிட்டாள். அறிவித்தது அவள். கொத்துவது, களை பிடுங்குவது, தண்ணீர் ஊற்றுவதெல்லாம் நான். வாரம் பூராவும் ஆபீஸ் ஃபைலுக்குள் தலையைக் கொடுத்தவன், ஞாயிறன்று கத்தரிச் செடிக்குள் கொடுக்க வேண்டும். அந்தச் செடிகளாவது நன்றி காட்டினவா? மஞ்சள் காமாலை கண்டவை போல நின்றன.

"ஏங்க, மண்ணுல சத்தே இல்ல. எங்கயாவது எரு கிடைச்சா கொண்டு வாங்களேன்."

"என்ன எரு?"

"மாட்டு எரு, ஆட்டு எரு... எதுவா இருந்தாலும் சரி."

எதுவா இருந்தாலும்! என் மூளைக்குள் பளிச்சென்று பல்பு எரிந்தது. அதே பல்பைப் பின்னால் நானே வாங்கப்போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

திட்டம் எளிமையானது. உலகத்திலேயே மோசமாக நாறும் எருவைக் கொண்டுவந்து கொட்டுவது. "தோட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம், இதை முதல்ல தூக்கிப் போடுங்க" என்று மனைவி கதறுவாள். அவள் கதறாவிட்டாலும் பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர் கதறுவார். ஓய்வு பெற்றவர். நாங்கள் வெங்காயம் வதக்கினால்கூட மதில் மேல் தலையை நீட்டிக் கண்டனம் தெரிவிப்பவர்.

சனிக்கிழமை ஊர்க்கோடியில் இருந்த கோழிப்பண்ணைக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

"காஞ்சது வேணுமா சார், பச்சையா வேணுமா?" என்றார் பண்ணைக்காரர்.

"எது ரொம்ப நாறும்?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் நாறாதது இருக்கான்னுதான் கேப்பாங்க."

"நான் எல்லாரையும் மாதிரி இல்ல."

"தெரியுது சார்" என்று சொல்லி, ஒரு மூட்டையைக் கட்டி ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டு இரண்டடி தள்ளி நின்று வழியனுப்பினார்.

சிக்னலில் என்னைச் சுற்றி ஒரு மைதானமே உருவாகிவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டதில் ஹாரன் அடிக்க மறந்தார். லைசென்ஸ் கேட்கக் கை நீட்டிய போலீஸ்காரர், நீட்டிய கையாலேயே "போ, போ" என்று விரட்டினார். எனக்கு ஒரே பெருமை. சரக்கு சரியான சரக்கு!

மூட்டையைச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே பிரித்துக் கொட்டிவிட்டு, கதறலுக்காகக் காத்திருந்தேன். மனைவி வந்தாள்.

"அட, கோழி எருவா! இதுலதாங்க சத்து ஜாஸ்தி. உங்களுக்குள்ள இப்படி ஒரு விவசாயி ஒளிஞ்சிருக்கிறது தெரியாமப் போச்சே!"

"உனக்கு... நாத்தம் தெரியலையா?"

"காலையிலேருந்து மூக்கடைப்புங்க. ஒரு வாசனையும் தெரியல. ஆனா, இதைப் பச்சையா போட்டா வேர் கருகிடும். காஞ்ச இலையோட கலந்து குவிச்சு வெச்சு, வாராவாரம் கிளறி விடணும். மூணு நாலு மாசத்துல மக்கி நல்ல உரமாயிடும்."

"யாரு கிளறுறது?"

"தெரியாமலா கேக்கறீங்க?"

முன்பெல்லாம் என் ஞாயிற்றுக்கிழமை பறிதான் போனது. இப்போது நாறியும் போனது.

ஆனால் மறுநாளே மதில் மேல் ஒரு தலை முளைத்தது. மூக்கில் கைக்குட்டை.

"என்ன சார் இது? மனுஷன் குடியிருக்கறதா வேணாமா? என்ன நாற்றம்!" என்றார் தமிழாசிரியர்.

"நல்லாக் கேளுங்க சார்! இன்னும் கொஞ்சம் சத்தமா, சமையலறை வரைக்கும் கேக்கட்டும்!"

கேட்டுவிட்டது. மனைவி புன்னகையோடு வந்தாள். "வாங்க சார். இது மக்கினதும் முதல் கூடை உங்க ரோஜாவுக்குத்தான். இவரே வந்து செடி செடியாப் போட்டுக் கொடுத்துடுவார்."

கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது. ஆசிரியர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, பழந்தமிழ்ல நாற்றம்னா நறுமணம்னு அர்த்தம். நான் அந்தப் பொருள்லதான் சொன்னேன்."

"அப்போ கைக்குட்டை எதுக்கு சார்?"

"ஆனந்தக் கண்ணீர் தம்பி."

தலை மறைந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக் குவியலைக் கிளறினேன். மனைவி சற்றுத் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தாள். திடீரென்று, "ஏங்க, பால் அடிப்பிடிக்கிற வாசனை வருது, ஓடிப் போய் அடுப்பை அணைங்க!" என்றாள்.

ஓடினேன். அணைத்தேன். திரும்பி வரும்போது, பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

"உனக்கு மூக்கடைப்புன்னியே?"

"எரு கேட்டா, இருக்கிறதுலேயே நாறுறதை யாராவது தேடிப் பிடிச்சுக் கொண்டு வருவாங்களா? மூட்டையைப் பிரிச்சப்பவே உங்க திட்டம் கமகமன்னு மணந்துடுச்சுங்க. கிளறுங்க."

கிளறினேன். வாராவாரம் கிளறினேன். கடைசியில் அந்தக் குவியல், முதல் மழை நனைத்த மண் போலக் கறுத்து, உதிரியாகி, நாற்றமும் போய்விட்டது. செடிகள் கும்மென்று பச்சை பிடித்தன. கத்தரிக்காய்கள் பாலிஷ் போட்ட மாதிரி மின்னின. நானே யாருக்கும் தெரியாமல் ஒன்றைத் தடவிப் பார்த்தேன். ஆசிரியர் வீட்டு ரோஜா பூத்ததும் தெருவிலுள்ள பெண்மணிகளெல்லாம் எரு கேட்டுக் கூடையோடு வந்துவிட்டார்கள். மனைவி எல்லோருக்கும் தலையாட்டினாள். சனிக்கிழமைதோறும் பண்ணைக்கு ஸ்கூட்டரை விட்டது நான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் மண்வெட்டியைத் தொப்பென்று கீழே போட்டேன்.

"இனிமே அந்தக் கோழிப்பண்ணைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

"சரிங்க."

"என்ன சரி?"

"இனிமே நீங்க எங்கயும் அலைய வேண்டாம்."

ஜெயித்துவிட்டேன்! கல்யாணமானதிலிருந்து முதல் வெற்றி. மறுநாள் ஆபீஸிலிருந்து ராஜா மாதிரி வந்து, கொல்லைப்புறம் போய், என் பிரம்பு நாற்காலியில் சாயப் போனேன்.

"உக்காராதீங்க!" என்று மனைவி அலறினாள்.

குனிந்து பார்த்தேன். நாற்காலி மெத்தையின் மேல் ஒரு சிவப்புக் கோழி, என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. செடிகளுக்கு நடுவே அதன் சொந்தபந்தங்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

"பண்ணைக்காரர்தான் வண்டியில கொண்டுவந்து விட்டுட்டுப் போனாரு. எருவும் வீட்டுலயே, முட்டையும் வீட்டுலயே."

"அது சரி... என் நாற்காலி?"

"மெதுவாப் பேசுங்க, அது முட்டை போடற நேரம்."